நீலத் தொட்டி, சிவப்புத் தொட்டி

யா பெலாஜி விரல் நுனியை நாக்கில் தொட்டு இஸ்திரிப் பெட்டியின் அடியில் வைக்கிறார். ‘சுர்’ என்கிறது. அந்தச் சுர்ரில்தான் இந்த நாட்டின் அரசாங்கமும் திருச்சபையும் விறைப்பாக நிற்கின்றன. பெட்டி ஆறிக் கிடந்தால் ஞாயிறு பூசை கசங்கிப் போகும். சூடு ஏறிவிட்டால் அமைச்சரவையில் ஓட்டை விழும். இது மிகை என்று நினைப்பவர்கள் தலைநகர் லீப்ரவில்லுக்கு வந்து, அக்கேபே பேட்டையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம். “பாதிதான் சொல்லியிருக்காங்க, மீதிய நாங்க சொல்றோம், உக்காருங்க” என்பார்கள்.

‘யா’ என்றால் அக்கா. அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. எழுபது வயதுக்காரரும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். வாய் தவறி ‘மேடம்’ என்று சொன்னவர்களின் சட்டைக் காலர் அந்த வாரம் ஒரு பக்கம் காதைத் தூக்கிக்கொண்டுதான் வீடு திரும்பும். கடையின் பெயர் ‘நல்ல மேய்ப்பன் சலவையகம்’. பலகையில் இயேசுநாதர் தோளில் ஆட்டுக்குட்டியைச் சுமந்து நிற்கிறார். பலகை வரைந்தவர் வழக்கமாக ‘நாய்கள் ஜாக்கிரதை’ வரைகிறவர் என்பதால் ஆட்டுக்குட்டி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறது. யா பெலாஜி அதை மாற்றச் சொல்லவில்லை. “ஆண்டவர் எதத் தூக்குனா என்ன, தூக்கறாரு இல்ல?”

அகலமான உடம்பு, அதைவிட அகலமான கை. ரவிக்கையின் கழுத்தோரம் முழுக்க மரக் கிளிப்புகளை வரிசையாக மாட்டியிருப்பார், தளபதி பதக்கம் குத்திக்கொள்கிற மாதிரி. ஒவ்வொரு கிளிப்பிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒரு கரும்புள்ளி வைத்திருக்கிறார். பேட்டையில் எவர் வீட்டுக் கொடியில் அந்தப் புள்ளி தென்பட்டாலும் நேரே போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவார். அதில் தொங்கிய துணி சேற்றில் விழுந்தால் அது அந்தத் துணியின் தலையெழுத்து. தன் கொடியில் தன் கிளிப்பைத் தவிர வேறொன்றை அவர் விட்டதாகச் சரித்திரமே இல்லை.

சட்டையின் கக்கத்தை முகர்ந்து பார்ப்பது இன்னொரு பழக்கம். வெயிலில் வந்த வேர்வை வேறு, பயத்தில் வந்த வேர்வை வேறாம். “இவன் நேத்து யாருகிட்டயோ பொய் சொல்லியிருக்கான்” என்று சொல்லிவிட்டுச் சோப்பை எடுப்பார். நான்கில் மூன்று தடவை சரியாக இருக்கும். நான்காவது தடவை அந்த ஆள் கருவாடு வாங்கப் போயிருப்பான்.

கடைக்குள் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. நீலத் தொட்டி ஆண்டவருடையது. தூய பிளாசியுஸ் பங்குக் கோவிலின் பீட விரிப்பு, குருவின் வெள்ளை அங்கி, பூசைக் கிண்ணம் துடைக்கும் துணி எல்லாம் பத்தொன்பது வருடமாக அதில்தான் வெளுக்கின்றன. கிண்ணத் துணியை அலசிய முதல் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. திரு இரத்தமாக மாறிய ரசத்தின் சொட்டு அதில் இருக்கலாம். மண்ணில்தான் ஊற்ற வேண்டும். யா பெலாஜி கொல்லையில் உள்ள அத்தங்கா மரத்தடியில் முழங்காலிட்டு, பிறந்த குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றுவார். அந்த நேரத்தில் மட்டும் அவர் யாரையும் திட்டுவதில்லை. பத்தொன்பது வருடம் ஆண்டவரைக் குடித்து வளர்ந்த மரம். ஊதா நிறப் பழம் ஒவ்வொன்றும் கோழி முட்டை அளவு. அதைத் திருடித் தின்றால் அது பாவமா, பாதி நற்கருணையா என்று ஒருமுறை ஞானோபதேச வகுப்பில் கேள்வி எழுந்தது. எழுப்பிய நபருக்குக் காதில் ஒரு திருகல் கிடைத்தது. பதில் கிடைக்கவில்லை.

சிவப்புத் தொட்டி என்று ஒன்று இருப்பது யா பெலாஜிக்கும், கடவுளுக்கும், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு காரின் ஓட்டுநருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். அதாவது, பேட்டை முழுவதற்கும் தெரியும். பங்குத்தந்தைக்கு மட்டும் தெரியாது.

மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை அந்தக் கார் வரும். ஓட்டுநர் பையை நீட்டுவார்.

“மேஜை விரிப்பு, யா.”

“எத்தன மேஜை?”

“பன்னெண்டு.”

“நாலு காலு இருக்கற மேஜையா, இடுப்புல கட்டிக்கற மேஜையா?”

ஓட்டுநர் வானத்தைப் பார்ப்பார். மழை வரும் போலிருக்கிறது என்பார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்.

பைக்குள் இருப்பவை ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தாரின் ஏப்ரன்கள். வெள்ளைச் சாட்டின் துணி, நீலக் கரை. ஒன்றில் கவராயமும் மூலைமட்டமும், இன்னொன்றில் முக்கோணத்துக்குள் ஒரு கண். அவர்களைப் பேட்டையில் ‘கொத்தனாருங்க’ என்பார்கள். அவர்கள் ஒரு கோழிக்கூடாவது கட்டிப் பார்த்தவர்கள் இல்லை. ஜன்னல் இல்லாத ஒரு வீட்டில் கூடுவார்கள். வெளியே நிற்கும் கார்களின் நீளத்தைப் பார்த்தே உள்ளே யார் என்று சொல்லிவிடலாம். நாட்டின் பெரிய நாற்காலிகளுக்குப் போகும் படிக்கட்டு அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது என்பது அக்கேபேயின் அசைக்க முடியாத நம்பிக்கை. படிக்கட்டை யாரும் பார்த்ததில்லை. பார்க்காததை நம்புவதற்குத்தானே ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சி எடுக்கிறோம்.

தொட்டிகள் கலக்காது. நீலத்துக்கு மரவள்ளிக் கஞ்சி, அவரே காய்ச்சுவது. சிவப்புக்குக் கடையில் விற்கும், டப்பாவிலிருந்து பீய்ச்சும் கஞ்சி. நீலத்துக்குக் கரிப் பெட்டி, ஏனென்றால் கரண்டை நம்பி ஆண்டவரைக் காக்க வைக்க முடியாது. சிவப்புக்கு மின்சாரப் பெட்டி. “கரண்ட்டு போச்சுன்னா கெடக்கட்டும். கரண்ட்டு குடுக்க வேண்டியதே அவனுங்கதானே?” கண் போட்ட ஏப்ரனைக் கவிழ்த்துப் போட்டுத்தான் தேய்ப்பார். “நான் வேல செய்யறப்ப அது என்னத்துக்கு என்னப் பாத்துக்கிட்டு இருக்கணும்?”

ஏப்ரனைவிடச் சுவாரசியமானது கையுறை. புதிதாகச் சேருகிறவருக்குக் கொத்தனார்கள் இரண்டு ஜோடி வெள்ளைக் கையுறை கொடுப்பார்கள். பெரியது அவருக்கு. சின்னது, உலகத்திலேயே அவர் அதிகமாக மதிக்கும் பெண்ணுக்கு. இந்த ஊர் ஈரக் காற்றில் பெட்டிக்குள் வைத்த கையுறை பதினைந்தே நாளில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே சேர்ப்புச் சடங்குக்கு முன்னால் அவை வெளுப்புக்கு வந்தாக வேண்டும். யா பெலாஜி சின்ன ஜோடிகளை எண்ணுவார். “மூணு வந்திருக்கு. மூணு மாசத்துல மூணு புது இலாகா டைரக்டர், எழுதி வச்சுக்கோ” என்று ஒருமுறை மரவள்ளி விற்கிற பெண்ணிடம் உளறிவிட்டார். மூன்று மாதத்தில் நான்கு டைரக்டர்கள் வந்தார்கள். “நாலாவது ஆளு யாரையும் மதிக்கறதில்ல போல” என்று முடித்துக்கொண்டார்.

இப்படியே போயிருந்தால் ஒன்றும் இல்லை. பாஸ்கா திருநாள் முடிந்ததும் புதுப் பங்குத்தந்தை வந்தார்.

பழையவருக்குக் கண்ணில் புரை. அதனால் முதல் பெஞ்சில் நடப்பது அவருக்குத் தெரியாது. முதல் பெஞ்சு எம்.பி. அன்செல்ம் ஒகந்தாகாவுடையது. பாட்டில் அவர் குரல்தான் மேலே நிற்கும். ஆனால் நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது அவர் குனிந்து ஷூவுக்கு லேஸ் கட்டுவார். பன்னிரண்டு வருடமாகக் கட்டுகிறார். அவர் ஷூவில் லேஸே கிடையாது. கொத்தனாராகச் சேர்ந்த கத்தோலிக்கர் நற்கருணை வாங்கக் கூடாது என்பது ரோமாபுரியின் சட்டம். சட்டத்தை மீறாமலும், காரணத்தைச் சொல்லாமலும் இருக்க எம்.பி. கண்டுபிடித்த வழி அது. பேட்டைக்கும் அது பிடித்திருந்தது. அவர் எப்போது நிமிர்வார் என்று பையன்கள் பந்தயம் கட்டுவார்கள்.

புதியவர் இலாரியோன் மின்கோவுக்கு முப்பத்து நான்கு வயது; கண் மிக நன்றாகத் தெரியும். வந்த நான்காவது ஞாயிறு பிரசங்க மேடையைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். “ஒரு கையில் சிலுவை, மறு கையில் கவராயம்! எந்தக் கையை ஆண்டவரிடம் நீட்டுவீர்கள்?” நற்கருணை நேரமே வரவில்லை, முதல் பெஞ்சு அதற்குள் லேஸ் கட்டத் தொடங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் தந்தைக்குச் சூடு பிடித்தது. “அவர்கள் மட்டுமல்ல! அவர்களுக்குக் கதவு திறப்பவன், அவர்களுக்குக் காரோட்டுபவன், அவர்கள் துணியைத் துவைப்பவள்…”

நான்காவது பெஞ்சில் யா பெலாஜியின் விசிறி நின்றது. கோவிலில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு இருக்கிறதே! இருநூறு கழுத்து கஞ்சி போட்டது போல் விறைத்து நின்றது.

அன்று அவர் நற்கருணைக்கு எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம், “முட்டி புடிச்சுக்கிச்சு” என்றார். அடுத்த ஞாயிறும் முட்டி. அதற்கடுத்த ஞாயிறும் முட்டி. திங்கட்கிழமைகளில் அதே முட்டியைப் போட்டு மரத்தடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சிவப்புத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டால் தீர்ந்ததே என்றாள் மரவள்ளிக்காரி.

“கவுக்கறதாம்ல! அவனுங்க வெளிய பெரிய மனுசனுங்கடி. இங்க வரப்போ வெறும் அழுக்கு. அழுக்க வேணாம்னு சொல்றதுக்கு நான் யாரு? சலவைக்காரி.”

“அப்ப புதுச் சாமிகிட்ட சொல்லிடுங்க.”

“சொன்னா நீலத் தொட்டியப் புடுங்கிட்டா?”

அதுதான் விஷயம். சொன்னால் நீலத் தொட்டி போய்விடும். பத்தொன்பது வருடம் போய்விடும். சொல்லாமல் நற்கருணை வாங்கினால் ஆண்டவருக்கே பொய். இரண்டுக்கும் நடுவில் முட்டி நிஜமாகவே வலிக்கத் தொடங்கியது. நற்கருணைப் பெருவிழா இன்னும் ஆறு நாளில். தெருவெல்லாம் பவனி போகும் நாள். அன்று உட்கார்ந்திருந்தால் ஊரே காரணம் கேட்கும். “அதுக்குள்ள சொல்லிடறேன்” என்று இஸ்திரிப் பெட்டியிடம் தினமும் வாக்குக் கொடுத்தார். பெட்டி ‘சுர்’ என்றது.

இந்த நிலைமையில்தான், பெருவிழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, தெருவைப் பார்த்த கொடியில் ஒரு சின்ன ஜோடிக் கையுறை தொங்கியது. கஞ்சி விறைப்பில் விரல்கள் மேலே நீட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவரை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தன. உள்ளறையில் மின்விசிறிக்குக் கீழே காய வேண்டியது வெளியே வந்தது எப்படி? யா பெலாஜி அப்போது பீட விரிப்பை ஒப்படைக்கக் கோவிலுக்குப் போயிருந்தார். யாரோ வேலைவெட்டி இல்லாத ஒரு கழுதை, பேட்டை கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று செய்திருக்க வேண்டும். அந்தக் கழுதை அவசரத்தில் மரக் கிளிப்பைத் தேடவில்லை. மஞ்சள் பட்டாம்பூச்சி போட்ட தலைக் கிளிப் ஒன்றால் மாட்டியிருந்தது. அதில் ஒரு சிறகு உடைந்திருந்தது.

பேட்டை சிரிக்கவில்லை. பேட்டைக்குப் பைத்தியம் பிடித்தது.

பட்டாம்பூச்சி என்பது கொத்தனார்களின் உச்சமான முப்பத்து மூன்றாம் படியின் ரகசிய அடையாளம் என்றார் டாக்ஸி ஓட்டும் ஒருவர். உடைந்த சிறகு, பதவி போகப்போகும் அமைச்சர் என்றார் பின் சீட்டில் இருந்தவர். எந்த அமைச்சர் என்பதில் அவர்களுக்குள் தகராறு வந்து, டாக்ஸி வாழைக்குலை வண்டியில் போய் முட்டியது.

யா பெலாஜி திரும்பி வந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க் கையுறையை உருவி ரவிக்கைக்குள் திணித்தார். கிளிப்பை ஒரு விநாடி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதுவும் உள்ளே போனது. அதற்குள் போலீஸ் கமிஷனர் கூம்பாவின் மனைவி உலக்கையோடு வந்துவிட்டார்.

“யா, எங்க வீட்டு ஆளு அங்க சேந்து நாலு வருஷம் ஆச்சு. எனக்குக் கையுறையும் வரல, காலுறையும் வரல. யாருக்குப் போச்சு?”

“எனக்கென்னம்மா தெரியும்? நான் தொவைக்கறவ. விலாசம் எழுதறவ இல்ல.”

“வெளிய எடுங்க. அளவு பாத்து எவ கைன்னு நானே சொல்றேன்.” யா பெலாஜி எடுத்து நீட்டியதைத் தன் கையோடு வைத்துப் பார்த்தார். “ஒல்லிக்குச்சி! கையப் பாரு, வத்தலாட்டம்!”

“இது நாலு வருஷத்துக்கு முந்துன ஜோடி இல்லம்மா. இந்த வாரம் வந்தது.”

“அப்ப இது ரெண்டாவது ஒல்லிக்குச்சி!”

கமிஷனர் தனக்குக் கிடைத்த சின்ன ஜோடியைத் தன் தாய்க்குக் கொடுத்திருந்தார் என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. “அதுக்கு அந்த ஒல்லிக்குச்சியே தேவலாம்” என்றார் மனைவி. உலக்கை வீடு திரும்பியது. எந்த மனநிலையில் என்று கேட்காதீர்கள்.

அடுத்து வந்தவர் தலைமை ஆசிரியர் மாப்பாங்குவின் மனைவி. அவர் கிசுகிசுத்தார்.

“எங்க வீட்டுக்காரரா, யா?”

“அவர யாரு கூப்பிட்டா?”

“கேட்டேன். இல்லவே இல்லன்னு சத்தியம் பண்றாரு. அப்ப கண்டிப்பா ஆமாதானே? ரகசியம்னா அப்படித்தானே சொல்லுவாங்க?”

யா பெலாஜி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அந்த மூடல் போதுமானதாக இருந்தது. மாப்பாங்குவை எந்தச் சங்கமும் எதற்கும் அழைத்ததில்லை. கால்பந்துக் குழுவே அழைத்ததில்லை. அன்று மாலை அவர் தெருவில் நடந்தபோது கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அவர் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, மீசையைத் தடவிக்கொண்டார். மூன்று வருடமாக ஓர் அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய பள்ளிக்கூரை மனு திங்கட்கிழமையே எழுந்து உட்கார்ந்தது. கையெழுத்துப் போட்ட குமாஸ்தா வாசல் வரை வந்து குடை பிடித்தாராம்.

உண்மையில் அந்தக் கையுறை போர்-ஜாந்தி துறைமுகத்திலிருந்து வந்த ஒரு சுங்க அதிகாரிக்கானது. அவரை இந்தப் பேட்டையில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எம்.பி. ஒகந்தாகா கொல்லை வழியாக, தலையில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு வந்தார்.

“யா, எங்க பேரு சந்தி சிரிக்குது.”

“எந்தப் பேரு, தம்பி? மேஜை விரிப்புக்குப் பேரு உண்டா?”

“வெளையாடாதீங்க. சாமி காதுக்குப் போயிருச்சு. இங்கதான் வந்துக்கிட்டு இருக்காரு.”

சொல்லிவிட்டு வந்த வழியே ஓடினார். அத்தங்கா மரத்தடி ஈரத்தில் அவர் ஷூ ஒன்று கழன்று நின்றது. லேஸ் இருந்திருந்தால் கழன்றிருக்காது.

அதுவரை யா பெலாஜிக்கும் உள்ளுக்குள் சிரிப்புதான். இப்போது அது நின்றுவிட்டது. நீலத் தொட்டியை இழுத்து நடுவில் வைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத் துடைத்தார். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கழுதை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கக்கூடும். நீலத் தொட்டி போய்விடக் கூடாதே என்று அது செபம் சொல்லியிருக்கவும்கூடும். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

இலாரியோன் தந்தை உள்ளே வந்தார். உட்காரவில்லை.

“யா பெலாஜி, தெருவுல ஒரு கதை கேட்டேன்.”

“தெருவுல பத்துக் கதை ஓடுது சாமி. எது?”

“கையுறை.”

ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். “என்னோடதுன்னு சொல்லிடலாம்னுதான் நெனச்சேன்.” ஒன்றை எடுத்துக் கையில் மாட்டப் பார்த்தார். முப்பது வருடம் சோப்புத் தண்ணீரில் ஊறிப் பருத்த கை. விரல் முட்டியோடு நின்றுவிட்டது. “பாருங்க. பொய்கூட ஏற மாட்டேங்குது.”

கையுறையை உருவி மேஜையில் போட்டுவிட்டு யா பெலாஜி பேசினார். ஐந்து நாளாக இஸ்திரிப் பெட்டியிடம் சொல்லிப் பழகியது தங்குதடையில்லாமல் வந்தது.

“பத்தொம்பது வருஷமா நீலத் தொட்டி உங்களுது. பதினாறு வருஷமா செவப்புத் தொட்டி அவங்களுது. தண்ணி கலந்ததில்ல. கஞ்சி கலந்ததில்ல. பொட்டிகூட வேற வேற. கை மட்டும் ஒண்ணுதான் சாமி. அத மாத்த முடியல. உங்க வேர்வையும் பாத்திருக்கேன், அவங்க வேர்வையும் பாத்திருக்கேன். ரெண்டுக்கும் ஒரே சோப்புதான் செலவாகுது. நீலத் தொட்டிய எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கங்க. மரத்துக்கு மட்டும் யாராவது தண்ணி ஊத்தணும்.”

தந்தை கையுறையை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பூஞ்சைக் கறைய எப்படி எடுத்தீங்க?”

யா பெலாஜிக்குப் புரியவில்லை. “எலுமிச்சங்காயும் உப்பும், சாமி. அப்பறம் காலை வெயிலு.”

“எங்கம்மாகிட்ட ஒரு ஜோடி இருக்கு. மஞ்சளாப் போச்சு.” குரலைத் தாழ்த்தினார். “எங்கப்பா அரசாங்கத்துல பெரிய பதவில இருந்தவர். அம்மா அதப் போட்டுக்கிட்டுத்தான் என் குருப்பட்டத்துக்கு வந்தாங்க. அவங்ககிட்ட இருந்த ஒரே நல்ல கையுறை அது. ஆயர் அந்தக் கையையே ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, ‘இந்தக் கரங்கள் ஆசீர்வதிக்கப்பட்டவை’ன்னுட்டாரு.”

யா பெலாஜி உதட்டைக் கடித்தார். பலிக்கவில்லை. முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு மரக் கிளிப்புகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்றன. தந்தை கண்டிப்பான முகத்தோடு நின்று பார்த்தார். அவராலும் முடியவில்லை. இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மூக்கால் சிரித்தார்.

“சட்டம் சட்டம்தான், யா” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ஏப்ரன் கட்டறவங்கள நான் விடமாட்டேன்.”

“விடாதீங்க சாமி.”

“ஆனா துணி தொவைக்கறவங்கன்னு சொன்னேன் பாருங்க…”

“சொன்னீங்க.”

“அது சட்டத்துல இல்ல. கதவு திறப்பவன், காரோட்டுபவன்னு ரெண்டு வந்துருச்சு. பேச்சுன்னா மூணாவது ஒண்ணு வேணும்ல? வாய்ல வந்துருச்சு.”

“உங்க மூணாவதுக்கு நான் மூணு வாரம் உக்காந்திருந்தேன் சாமி.”

தந்தை தலையைக் குனிந்துகொண்டார். “ஞாயித்துக்கெழம முட்டி வலி வரக் கூடாது” என்றார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். “அம்மாவோடதத் திங்கக்கெழம குடுத்தனுப்பறேன். எந்தத் தொட்டில போடுவீங்க?”

யா பெலாஜி நீலத்தைப் பார்த்தார். சிவப்பைப் பார்த்தார். “சந்தையில பச்சைல ஒண்ணு பாத்து வச்சிருக்கேன் சாமி.”

சனிக்கிழமை காலை கடைப் படியில் ஒரு கூடை எலுமிச்சங்காய் இருந்தது. யார் வைத்தது என்று தெரியாது. எவர் தோட்டத்துக் காய் என்பது, காலையில் எழுந்து மரத்தில் காயை எண்ணிப் பார்த்த கமிஷனர் மனைவிக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பவனி ஊரைச் சுற்றி வந்தது. யா பெலாஜியின் மரவள்ளிக் கஞ்சியில் விறைத்த பீட விரிப்பு வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. மாப்பாங்கு இன்னும் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். எம்.பி. ஒகந்தாகா புது ஷூ போட்டிருந்தார். அதில் லேஸ் இருந்தது. நற்கருணை நேரம் வந்ததும் அவர் குனிந்து, பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, நிஜமாகவே கட்டினார்.

நான்காவது பெஞ்சில் முட்டி எழுந்து நின்றது. யா பெலாஜி வரிசையில் போனார். இலாரியோன் தந்தைக்கு முன்னால் அந்தப் பெரிய கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து நீட்டினார், மரத்தடியில் தண்ணீர் ஊற்றும்போது வைத்திருப்பாரே, அதே மாதிரி. வாங்கிக்கொண்டு, கண்ணை மூடித் திறந்து, திரும்பி நடந்தார். நேரே தன் பெஞ்சுக்குப் போகவில்லை. பக்கவாட்டில் வளைந்து, பாடகர் குழுவின் பக்கம் வந்தார்.

மூன்றாவது வரிசையில் ஒருத்தி குனிந்து மும்முரமாக லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. இதை எழுதுகிறவள் அவள்தான்.

யா பெலாஜி ரவிக்கைக்குள் கைவிட்டு மஞ்சள் பட்டாம்பூச்சியை எடுத்தார். குனிந்திருந்த தலையின் பின்னலை ஒதுக்கிவிட்டு, காதுக்கு மேலே மாட்டி, இரண்டு விரலால் அழுத்தினார். பிறகு ஒரு அடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, மறுபடி கழற்றி, உடைந்த சிறகு முடிக்குள் மறைகிற மாதிரித் திருப்பி வைத்தார்.